கேள்வி - பதில்: கிரிப்டோவைக் கற்பது எப்படி, ஒரு திட்டத்தை எடைபோடுவது எப்படி?

கிரிப்டோ நாணயங்கள் குறித்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை “எதை வாங்கலாம்?” என்றே கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு இந்தப் பகுதியில் பதில் இல்லை. பணம் போடுவதற்கு முன் இதை எப்படிப் படித்தறிவது, கண்ணில் படும் திட்டங்களை எதைக் கொண்டு எடைபோடுவது என்று கேட்டவர்களின் கடிதங்களை மட்டுமே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பிட்காயின், பிளாக்செயின் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் எந்த வீடியோவைப் பார்த்தாலும் விலை ஏறுமா, இறங்குமா என்பதே பேச்சாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

விலையைச் சிறிது காலம் மறந்துவிட்டு, இந்தத் தொழில்நுட்பம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் நகலெடுத்துவிடலாம். அப்படியானால், ஒரே மின்பணத்தை ஒருவர் இரண்டு பேரிடம் செலவழித்து ஏமாற்றாமல் தடுப்பது யார்? வங்கி நடுவில் இருந்தால் அது தன் கணக்கைப் பார்த்துச் சொல்லிவிடும். நடுவரே இல்லாமல், ஒன்றையொன்று நம்ப வேண்டிய தேவையில்லாத ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கணக்கை ஏற்றுக்கொள்ள வைப்பது எப்படி என்பதற்கு, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதியவர் 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்ட விடைதான் பிட்காயின் வெள்ளை அறிக்கை. அது மொத்தம் ஒன்பதே பக்கங்கள். கடைசிப் பகுதியில் வரும் நிகழ்தகவுக் கணக்கை முதல் வாசிப்பில் தாண்டிப் போனாலும் மையக் கருத்து பிடிபட்டுவிடும். பிடிபடாத சொற்களை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு, ஹாஷ் என்றால் என்ன, டிஜிட்டல் கையொப்பம் எப்படிச் செயல்படுகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு அறிக்கைக்குத் திரும்புங்கள். இரண்டாவது வாசிப்பு முற்றிலும் வேறாக இருக்கும்.

பரிவர்த்தனைகளைத் தொகுப்புகளாக, அதாவது பிளாக்குகளாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவைப்பதே பிளாக்செயின். அடுத்து, அந்தப் பதிவுகளைக் காட்டும் பிளாக் எக்ஸ்ப்ளோரர் எனப்படும் தளம் ஒன்றைத் திறந்து, பிட்காயினின் முதல் பிளாக்கை, அதாவது பூஜ்ஜிய எண்ணிட்ட பிளாக்கைத் தேடிப் பாருங்கள். கணக்குத் தொடங்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2009 ஜனவரி 3 என்ற தேதியும், 50 பிட்காயின் வெகுமதியும் அங்கே இருக்கும். அந்தப் பிளாக்கின் தரவுக்குள், அன்றைய லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வங்கிகளுக்கான இரண்டாவது மீட்பு நிதி பற்றி வந்த தலைப்புச் செய்தி எழுத்துகளாகவே பதிந்திருக்கிறது. அந்த முதல் பிளாக்கிலிருந்து சற்று முன் சேர்ந்த பிளாக் வரை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இப்படித் திறந்து பார்க்கலாம் என்பதை நேரில் கண்ட பிறகுதான், பிளாக்செயின் என்ன தருகிறது என்பது உண்மையில் விளங்கும்.

அதன்பின் சுரங்கம் எனப்படும் மைனிங்குக்கு, அதாவது கணினிகள் போட்டியிட்டுப் புதிய பிளாக்கைச் சேர்த்து வெகுமதி பெறும் முறைக்கு வாருங்கள். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் சேர்கிறது. 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை அந்தப் போட்டியின் கடினத்தன்மை மாற்றியமைக்கப்படுகிறது. 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை வெகுமதி பாதியாகிறது. 50 பிட்காயினில் தொடங்கிய அது 2024 ஏப்ரலில் 3.125 ஆகக் குறைந்தது. மொத்த எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாது. இந்த எண்களை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. ஒவ்வொன்றும் ஏன் அப்படி வைக்கப்பட்டது, அதை மாற்ற நினைப்பவரை எது தடுக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பிட்காயின் ஓரளவு பிடிபட்டதும், 2015 ஜூலையில் இயங்கத் தொடங்கிய எத்தீரியத்துக்குப் போகலாம். புதிய டோக்கன்களில் ஏராளமானவை எத்தீரியத்தைப் போன்ற சங்கிலிகளின் மேல் ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளாக, அதாவது சங்கிலியிலேயே தானாக இயங்கும் நிரல்களாக எழுதப்பட்டவையே. எனவே ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்றால் என்னவென்று அறியாமல் எந்தத் திட்டத்தையும் மதிப்பிட முடியாது.

கேள்வி: படிப்பதோடு நிறுத்தாமல் கையால் செய்து பழக வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குக் கட்டாயம் காசு போட்டாக வேண்டுமா?

வேண்டியதில்லை. எத்தீரியத்துக்கு செபோலியா என்றொரு டெஸ்ட்நெட், அதாவது சோதனைச் சங்கிலி இருக்கிறது. எத்தீரியத்தின் நாணயம் ஈதர்; இந்தச் சோதனைச் சங்கிலியில் புழங்கும் ஈதருக்குச் சந்தை மதிப்பு கிடையாது. ஃபாசெட் எனப்படும் தளங்களில் இலவசமாகப் பெறலாம். சோதனை ஈதரை விலைக்கு விற்பவர் எவரையும் நம்ப வேண்டாம்.

கிரிப்டோவை வைத்திருக்கவும் அனுப்பவும் உதவும் ஒரு வாலெட் செயலியை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கி நிறுவுங்கள். தொடக்கத்திலேயே அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட அந்தச் சொற்களே உங்கள் பணத்துக்கான முழு உரிமை. செயலியை நீக்கினாலும் ஃபோன் தொலைந்தாலும் அந்தச் சொற்களைக் கொண்டு வேறொரு கருவியில் கணக்கை மீட்டுவிடலாம். அவற்றைப் பார்த்துவிட்ட இன்னொருவரும் அதையே செய்யலாம். சோதனைக் கணக்குதானே என்று அலட்சியம் காட்டாமல், காகிதத்தில் எழுதி, செயலியை நீக்கி, மீண்டும் நிறுவி, சொற்களை உள்ளிட்டு மீட்டுப் பாருங்கள். பலர் இந்த ஒத்திகையை ஒருமுறைகூடச் செய்யாமலே உண்மையான பணத்தை வைத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம்.

பிறகு இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி, முதல் கணக்கிலிருந்து அதற்குச் சிறு தொகை அனுப்புங்கள். அனுப்பியதும் கிடைக்கும் பரிவர்த்தனை ஹாஷை எக்ஸ்ப்ளோரரில் ஒட்டினால், அனுப்பிய முகவரி, பெற்ற முகவரி, தொகை, கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம், எந்தப் பிளாக்கில் சேர்ந்தது என்று ஒவ்வொரு வரியாகத் தெரியும். பெறுபவரின் முகவரியில் தவறு நேர்ந்து பணம் வேறெங்கோ போனால் திருப்பிக் கேட்க எந்த அலுவலகமும் இல்லை என்பதையும் இந்தச் சோதனையின்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் புதிய டோக்கன் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அழகான இணையதளமும் அறுபது பக்க வெள்ளை அறிக்கையும் இருக்கின்றன. ஆடிட் முடிந்துவிட்டது என்கிறார்கள். இதை நான் எப்படி மதிப்பிடுவது?

பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அறிக்கையைப் படித்துவிட்டு, இந்தத் திட்டம் யாருடைய எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது என்று இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் குறை உங்கள் அறிவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. எழுத முடிந்தால், அந்தத் தேவைக்குத் தனியாக ஒரு டோக்கன் எதற்கு என்று கேளுங்கள். டோக்கனை எடுத்துவிட்டு, சாதாரணப் பணத்தையும் சாதாரணத் தரவுத்தளத்தையும் வைத்தாலும் அதே சேவை நடக்கும் என்றால், அந்த டோக்கன் விற்பதற்காகவே உருவாக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். என் கணிப்பில், பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

அடுத்து, விதிகளை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். புதிய டோக்கன்களை அச்சிட, பரிமாற்றத்தை நிறுத்த, குறிப்பிட்ட முகவரியை முடக்க, கான்ட்ராக்டையே மாற்ற ஒரே ஒரு கணக்குக்கு அனுமதி இருக்கிறதா? “பரவலாக்கப்பட்டது” என்று இணையதளத்தில் போட்டிருப்பது இதற்கு விடையாகாது. ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டுக்காக இயங்கிய ரோனின் சங்கிலியில் ஒன்பது சரிபார்ப்பாளர்கள் இருந்தார்கள். ஐந்து கையொப்பங்கள் சேர்ந்தால் பணத்தை வெளியே எடுத்துவிடலாம். அந்த ஒன்பதில் நான்கு, விளையாட்டை உருவாக்கிய ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 2022 மார்ச்சில் ஊடுருவியவர்கள் அந்த நான்கையும், கூடவே இன்னொன்றையும் கைப்பற்றி, 1,73,600 ஈதரையும், ஒன்று ஒரு டாலருக்கு இணையாக வைக்கப்படும் யுஎஸ்டிசி நாணயத்தில் 2.55 கோடியையும் எடுத்துச் சென்றார்கள். ஆறு நாள் கழித்துத்தான் விஷயமே தெரியவந்தது. எத்தனை பேர் காவல் என்பதோடு, அந்தக் காவலர்கள் உண்மையிலேயே தனித்தனி ஆட்களா என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதாக, பங்கீடு. மொத்த டோக்கன்களில் நிறுவனர்களுக்கு எவ்வளவு, தொடக்க முதலீட்டாளர்களுக்கு எவ்வளவு, அவர்கள் என்ன விலைக்கு வாங்கினார்கள், எந்த மாதத்திலிருந்து விற்க அனுமதி கிடைக்கிறது என்பவற்றை அறிக்கையில் தேடுங்கள். பொதுமக்கள் ஒரு டாலருக்கு வாங்குவதை ஐந்து சென்ட்டுக்கு வாங்கியவர்கள் இருந்தால், விலை பாதியாக விழுந்தாலும் அவர்களுக்குப் பத்து மடங்கு. அவர்களுடைய பூட்டு திறக்கும் நாளில் விற்பனை குவிவதில் வியப்பில்லை. எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், எக்ஸ்ப்ளோரரில் அந்த டோக்கனின் உரிமையாளர் பட்டியலைத் திறந்து, முதல் பத்து முகவரிகளிடம் எத்தனை சதவீதம் இருக்கிறது என்றும் பாருங்கள். அவற்றில் சில, கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுகளின் பொதுக் கணக்குகளாகவோ பூட்டிவைக்கும் கான்ட்ராக்டுகளாகவோ இருக்கலாம். அப்படியல்லாத பெரும் முகவரிகள்தான் கேள்விக்குரியவை.

அதே பக்கத்தில், சாதாரண முகவரிகள் அந்த டோக்கனை விற்று வெளியேறியிருக்கின்றனவா என்பதும் தெரியும். 2021 அக்டோபர் இறுதியில், புகழ்பெற்ற ஒரு கொரியத் தொடரின் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தி வந்த ஸ்க்விட் டோக்கன் சில நாட்களில் 2,800 டாலருக்கு மேல் ஏறி, நவம்பர் 1 அன்று நொடிகளில் பூஜ்ஜியத்தைத் தொட்டது. அதை வாங்க முடிந்தவர்கள் பலரால் விற்க முடியாமலே இருந்தது. விலைக்கோடு மேலே மட்டுமே போனதற்கு அதுதான் காரணம்.

ஆடிட், அதாவது நிரலில் குறைகள் உண்டா என்று வெளி நிறுவனம் செய்யும் ஆய்வு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆடிட் அறிக்கையை, அந்த ஆய்வைச் செய்த நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாகத் தேடி எடுங்கள். சிலர் முத்திரையை மட்டும் ஒட்டிக்கொள்கிறார்கள். கிடைத்தால், எந்தக் கோப்புகள் ஆய்வு செய்யப்பட்டன, எந்தக் குறைகள் சுட்டப்பட்டன, அவை திருத்தப்பட்டனவா என்று படியுங்கள். நல்ல ஆடிட்டும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. 2016இல் பலரும் பார்த்து வியந்த ‘தி டிஏஓ’ என்ற கூட்டு நிதியின் நிரலில், உறுப்பினருக்குப் பணத்தை அனுப்பிய பிறகுதான் அவருடைய இருப்பைக் குறைக்கும்படி வரிகளின் வரிசை அமைந்திருந்தது. இருப்பு குறைவதற்குள் மீண்டும் மீண்டும் பணம் கேட்கும் ஒரு கான்ட்ராக்டை எழுதியவர் அந்த ஜூனில் 36 லட்சம் ஈதரை உறிஞ்சிவிட்டார். வரிசை மாறிய சில வரிகளின் விளைவு அது.

கேள்வி: நான் பார்த்த ஒரு டோக்கனின் விலை ஒரு சென்ட்டுதான். பிட்காயின் பல்லாயிரம் டாலருக்குப் போயிருக்கும்போது இது ஒரு டாலராவது தொடாதா?

ஒரு டோக்கனின் விலையைத் தனியாகப் பார்த்து எதையும் சொல்ல முடியாது; எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சம் கோடி டோக்கன்கள் இருந்தால், ஒவ்வொன்றும் ஒரு டாலர் ஆக மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலராக வேண்டும். அந்தப் பெருக்குத்தொகையிலும் இன்று புழக்கத்தில் உள்ள எண்ணிக்கை, இனி வரவிருப்பதையும் சேர்த்த எண்ணிக்கை என இரண்டு உண்டு. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பின்னால் வரப்போகும் விற்பனையும் பெரிது.

ஆனால் மொத்த மதிப்பு என்பதும் காகிதக் கணக்கு மட்டுமே. பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில், டாலரும் டோக்கனும் சேர்த்துவைக்கப்பட்ட லிக்விடிட்டி பூல் எனும் பொது இருப்பிலிருந்தே வாங்கல் விற்றல் நடக்கிறது; இரண்டின் அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறக்கூடாது என்ற விதியில் விலை அமைகிறது. ஒரு லிக்விடிட்டி பூலில் 10,000 டாலரும் 10 லட்சம் டோக்கன்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை ஒரு சென்ட்டு. மொத்தம் 100 கோடி டோக்கன்கள் இருந்தால் சந்தை மதிப்பு ஒரு கோடி டாலர் என்று தளங்கள் காட்டும். இப்போது 10 லட்சம் டோக்கன்கள் வைத்திருக்கும் ஒருவர், தன்னிடம் 10,000 டாலர் இருப்பதாக நம்பி எல்லாவற்றையும் விற்கிறார். பூலில் டோக்கன்கள் 20 லட்சமாக இரட்டிக்கும்போது டாலர் 5,000 ஆகப் பாதியாக வேண்டும். எனவே, கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமலே, அவருக்குக் கிடைப்பது 5,000 டாலர்தான். விலையோ கால் சென்ட்டுக்கு இறங்கிவிடும். மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு விற்கப்பட்டதற்கே இந்த நிலை. ஆகவே ஒரு கோடி டாலர் என்ற எண்ணைப் பார்க்கும் முன், பூலில் எத்தனை டாலர் இருக்கிறது, அந்த இருப்பை எடுத்துச் செல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டேபிள்காயினை வைத்திருந்தாலே ஆண்டுக்கு 20 சதவீதம் வட்டி என்று விளம்பரம் வருகிறது. ஸ்டேபிள்காயின் என்றால் விலை மாறாதுதானே, பிறகு என்ன ஆபத்து?

அந்த வட்டியைத் தருபவர் அதை எங்கிருந்து சம்பாதிக்கிறார் என்று கேளுங்கள். கடன் வாங்குபவர்கள் செலுத்தும் வட்டியா, வர்த்தகக் கட்டணமா, புதிதாக அச்சிடும் டோக்கனா, அல்லது உங்களுக்குப் பின்னால் வருபவர்களின் முதலா? விடை தெளிவாகக் கிடைக்காத இடத்தில் உங்கள் முதலே ஆபத்தில் இருக்கிறது.

டெர்ரா சங்கிலியில் ஆங்கர் என்ற சேவை, யுஎஸ்டி (UST) எனும் ஸ்டேபிள்காயினுக்கு ஏறக்குறைய இதே 20 சதவீதத்தைத்தான் தந்தது. கடன் வட்டியாக வந்தது அதற்குப் போதாமல், ஒதுக்கீட்டு நிதியிலிருந்து ஈடுகட்டினார்கள். யுஎஸ்டிக்குப் பின்னால் வங்கியில் டாலர் கிடையாது. ஒரு யுஎஸ்டியைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா டோக்கன் அச்சிட்டுத் தரப்படும் என்ற ஏற்பாடு மட்டுமே இருந்தது. 2022 மே மாதம் யுஎஸ்டி ஒரு டாலருக்குக் கீழே சரிந்ததும் எல்லோரும் அதை லூனாவாக மாற்ற ஓடினார்கள். அச்சிட அச்சிட லூனாவின் விலை விழுந்தது. விலை விழ விழ, அதே ஒரு டாலரைத் தர இன்னும் அதிகமாக அச்சிட வேண்டியிருந்தது. சுமார் 35 கோடியாக இருந்த லூனா சில நாட்களில் 6.5 லட்சம் கோடியைத் தாண்டியது. முந்தைய மாதம் நூறு டாலருக்கு மேல் விற்றது ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது.

முழு டாலர் இருப்பு வைத்திருப்பவையும் சோதனைக்கு உட்பட்டவைதான். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோது, யுஎஸ்டிசியின் இருப்பில் 330 கோடி டாலர் அங்கே சிக்கியிருந்தது. அதன் விலை 90 சென்ட்டுக்குக் கீழே இறங்கி, வைப்புகளுக்கு அமெரிக்க அரசு உறுதி அளித்த பிறகே மீண்டது. ஸ்டேபிள்காயினைப் பார்க்கும்போது, இருப்பு என்ன, எங்கே, யார் சான்றளிக்கிறார்கள், கேட்டால் உடனே மாற்றித் தருவார்களா என்ற நான்கையும் விசாரியுங்கள்.

கேள்வி: வாங்கியதை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாமா?

எக்ஸ்சேஞ்சில் திரையில் தெரியும் எண், அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன். திறவுகோல் அவர்களிடம்தான் இருக்கிறது. 2014இல் திவாலான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சும், 2022 நவம்பர் 11 அன்று திவால் மனு செய்த எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சும் வாடிக்கையாளர்களுக்கு அதைத்தான் உணர்த்தின. ஆனால் சொந்த வாலெட்டுக்கு மாற்றினால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. மேலே சொன்ன ஒத்திகையைத் தடுமாற்றமின்றிச் செய்யத் தெரியும் வரை தொகையைச் சிறிதாக வைத்திருங்கள். எந்த எக்ஸ்சேஞ்சையும் பயன்படுத்தத் தொடங்கும்போதே, சிறு தொகையைப் போட்டு அதை வெளியே எடுத்தும் பாருங்கள்.

கேள்வி: என் அப்பா ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஒருவர் சொன்ன தளத்தில் பணம் போட்டு வந்தார். கணக்கில் மும்மடங்கு காட்டுகிறது. எடுக்கப்போனால், முதலில் இருபது சதவீதம் வரி கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டலாமா?

கட்ட வேண்டாம். இன்னும் ஒரு காசு கூட அனுப்ப வேண்டாம். உண்மையான தளம் தனக்கு வர வேண்டிய கட்டணத்தை இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளும். எடுப்பதற்கு முன் புதிதாகப் பணம் கேட்பது மோசடிக்காரர்களின் வழக்கமான கடைசிக் கட்டம். வரி கட்டினால் அடுத்து அபராதம், அதன்பின் சரிபார்ப்புக் கட்டணம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரையில் தெரியும் மும்மடங்கு, அவர்களே எழுதிவைத்த எண்.

உரையாடல்கள், தளத்தின் முகவரி, பணம் அனுப்பிய வாலெட் முகவரிகள், பரிவர்த்தனை ஹாஷ்கள், வங்கி ரசீதுகள் அனைத்தையும் உடனே சேமியுங்கள். வங்கிக்கும் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்கும் இன்றே தெரிவியுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். “இழந்ததை மீட்டுத் தருகிறோம்” என்று முன்பணம் கேட்டு அடுத்த வாரங்களில் சிலர் அணுகக்கூடும். அதுவும் மோசடிதான், பல சமயம் அதே கும்பல். அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் நட்பாகப் பேசி நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகே இவர்கள் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். படித்தவர்களும் பொறுப்பானவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் இன்னும் எங்கெங்கே அனுப்பினார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: தொடர்ந்து கற்க யாரைப் பின்தொடரலாம்?

ஆட்களைவிட ஆவணங்களைப் பின்தொடருங்கள். பிட்காயினில் மாற்றங்களை முன்வைக்கும் பிஐபி குறிப்புகளும், எத்தீரியத்தின் இஐபி குறிப்புகளும் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு யோசனையை ஏன் ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்ற விவாதங்கள் கற்பவருக்குப் பெரும் பாடம். நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு திட்டத்தின் பக்கத்தைத் திறந்து, கடந்த சில மாதங்களில் எத்தனை பேர் எதைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிரபலங்களின் பரிந்துரையைக் கேட்கும்போது, அதற்குப் பணம் வாங்கினார்களா என்று பாருங்கள். எத்தீரியம்மேக்ஸ் டோக்கனை விளம்பரப்படுத்த 2,50,000 டாலர் பெற்றதைச் சொல்லாமல் பதிவிட்டதற்காக, கிம் கர்தாஷியன் 2022 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவ்வாறு விசாரணைக்கு வராத பதிவுகள் ஏராளம். ஒருவர் சொல்வதை எக்ஸ்ப்ளோரரிலோ நிரலிலோ நீதிமன்ற ஆவணத்திலோ சரிபார்க்க வழியிருந்தால் சரிபாருங்கள். வழியே இல்லாதபடி பேசுபவரை விட்டுவிடுங்கள்.